காற்று இறக்காத பட்டை

டாக்டர் சந்தானத்துக்குத் தன் மயக்க மருந்தின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு என் கண்மேல் நம்பிக்கை. இரண்டும் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் சும்மா இருக்குமா?

1961. பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தியேட்டர் நர்ஸ், பெர்னதெத். அன்று மேஜையில் ஜோகுபாளையத்து லட்சுமம்மா, குடல்வால் ஆபரேஷனுக்கு. படுத்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல முழிப்பு வந்துட்டா யார்கிட்ட சொல்றது, சிஸ்டர்?"

"என்கிட்ட சொல்லு" என்றேன். வாய்தான் எனக்குப் பெரிசு.

தூங்கவைப்பது வாயு, உடம்பைத் தளர்த்துவது ஊசி. ஊசி ஏறிவிட்டால், விழித்திருந்தாலும் கத்த முடியாது, இமைகூட அசையாது.

ரத்த அழுத்தம் பார்க்க வலது கைப் பட்டையில் காற்றடித்தேன். அளவு எடுக்கும் முன்பே, "சிஸ்டர், நூலு எல்லி?" என்று சர்ஜன் தையல் நூலுக்குக் கத்தினார். ஓடினேன். காற்றை இறக்க மறந்தே போனேன். அதற்குள் டாக்டர் சந்தானம் இடது கையில் தளர்த்தும் ஊசியைப் போட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது வயிற்றைத் திறந்திருந்தார்கள். லட்சுமம்மாவின் வலது கை விரல்கள் மட்டும் விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் பட்டை நினைவுக்கு வந்தது. இறுகிய பட்டை ரத்தத்தை நிறுத்தியதால் ஊசி மருந்து அந்தக் கைக்குப் போகவேயில்லை.

"டாக்டர், முழிச்சிருக்கா!"

"சும்மா துடிப்பும்மா. இன்னொரு ஊசி போட்டா அடங்கிடும்."

"கை அடங்கும். வலி அடங்குமா?"

அந்தக் கையில் என் விரலைக் கொடுத்து, அவள் காதருகே குனிந்தேன். "லட்சுமம்மா, வலிச்சா என் விரலை ரெண்டு தரம் அழுத்து."

இரண்டு தரம் அழுத்தினாள்.

வந்த கோபத்தில் டாக்டரின் கையை இழுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இவர்கிட்டயே சொல்லு, தாயி."

ஒன்று. இரண்டு. பிறகு விடவேயில்லை.

"நிறுத்துங்க!" என்று சர்ஜனைப் பார்த்து அலறினார் சந்தானம். தூங்கவைக்கும் ஈதர் வாயுவை இன்னும் திறந்துவிட்டார். பிடி மெல்லத் தளரும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் என் மறதியை நானே சொன்னேன். வேலை போனால் போகட்டும். அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கண் விழித்த லட்சுமம்மா, "சொன்னேனே, சிஸ்டர்" என்றாள். அழுதுவிட்டேன்.

மறுநாள் வேறொரு நோயாளி. அளவு பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றார் சந்தானம், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு. "மறுபடி காத்தடிங்க. நேத்து மாதிரி மறந்துடுங்க."