தம்பிக்கு எட்டாத இடம்

...ஒருவேளை வெளிச்சம் காணாதோ, சாம்பவி லைற்றைப் போட்டாள், போட்டும் அந்தக் குழி வெறுமையாகத்தான் இருந்தது, கட்டிலில் திறந்து கிடந்த விளையாட்டு டொக்டர் பெட்டியை அப்படியே தூக்கிக் கவிழ்த்துக் கொட்டினாள், ஊசி விழுந்தது, மருந்துப் போத்தல் விழுந்தது, மாத்திரைபோல ஒரு குளிசை விழுந்து தலையணைப் பக்கம் உருண்டது, மற்றக் குளிசை விழவில்லை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை, வழுக்குகிற பிளாஸ்டிக், சின்னவிரல் நுனியளவு, பத்து மாதக் குழந்தையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல... புறக்கோட்டை நடைபாதையில் உமாசுதன் பேரம்பேசி வாங்கிவந்து மகள் தாரிகாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த பெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு குழி, ஒன்று குறைந்தால் விழுந்த பல்லைப்போல உடனே தெரியும், போன மாதம் சாம்பவிதான் கதிரை போட்டு ஏறி இதை அலுமாரிக்கு மேலே வைத்தவள், அன்றைக்கு இரண்டு குளிசையும் இருந்தன, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள், பிறகு யார் இறக்கினது, யார் திறந்தது, கேட்கவும் வேண்டுமா, வதனி மச்சாளைத் தவிர வேறு யாருக்கு இந்த வீட்டில் அவ்வளவு துணிவு.

இன்றைக்குச் சின்னவன் சாரங்கனுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. கீழ்முரசில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே உமாசுதனின் அக்கா வதனி தெஹிவளையிலிருந்து போன் எடுத்து நாளும் நேரமும் சொல்லிவிட்டாள், பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவது மாமியின் உரிமை, அந்த உரிமையோடு மத்தியானமே வந்து இறங்கி, பிள்ளையின் முன்னால் வைக்கிற தட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். புத்தகம் இருந்தது, பேனை இருந்தது, காப்பு இருந்தது, பிள்ளை எதை முதலில் தொடுகிறானோ அந்த வழியில் போவானாம், "பேனையை எடுத்தா கிளாக்காத்தான் வருவான், தாரிகாவின்ர டொக்டர் பெட்டி எங்க, அதுக்குள்ள ஸ்ரெதஸ்கோப் இருக்கெல்லே" என்று மச்சாள் கேட்டது குசினிக்குள் சாம்பவிக்குக் கேட்டது, எங்கள் சனத்துக்குக் குடும்பத்தில் ஒன்று டொக்டராகாவிட்டால் சோறு இறங்காது என்று மனத்துக்குள் சிரித்தபடி நீத்துப்பெட்டியிலிருந்து கொழுக்கட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள், கை சுட்டது, அந்த நேரம் ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை, மச்சாள் என்ன நினைப்பா என்ற அந்த ஒரு கூச்சம், அந்தக் கூச்சத்தின் விலை இப்போது ஹோலில் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

"சாம்பவி, கெதியா வாரும், நாலரைக்கு ராகுகாலம் தொடங்கப் போகுது." வாறன் மச்சாள், வாறன்... கட்டிலுக்குக் கீழே குனிந்தாள், புதுச் சேலை காலில் சிக்கியது, போனின் வெளிச்சத்தைப் பிடித்தாள், மொசைக் நிலம், சுவரோரம், அலுமாரிக் கால், எதுவும் இல்லை, கதவு நிலைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு, அதற்குள்ளும் இல்லை, அப்படியென்றால் உருண்டு ஹோலுக்குப் போயிருக்கிறது, வேறு வழியே இல்லை. இந்த நிலத்தை அவளுக்குத் தன் உள்ளங்கைபோலத் தெரியும், ஒரு மாதமாகக் காலையும் மாலையும் முழங்காலில் நின்று அவன் தவழ்கிற உயரத்திலிருந்தே பார்க்கிறாள், அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இது வேறொரு வீடு, சோபாவுக்கு அடியில் ஒரு காய்ந்த கடலை, பாய் விளிம்பில் சட்டையிலிருந்து கழன்ற ஒரு தெறி, "எதையாவது துலைச்சிட்டீரோ" என்று உமாசுதன் பகிடி விட்டார், துலைக்கக்கூடாது என்றுதான் தேடுகிறேன் என்று நினைத்தபடி அவள் சோபாவுக்கு அடியில் கையை விட்டாள்.

போன மாதத்து அந்தச் சப்பாத்து. பொம்மையின் சப்பாத்து, ரோஸ் நிறம், தாரிகா கழற்றிக் கதிரையில் வைத்தது, கதிரையைப் பிடித்து எழும்பியவன் கையில் அகப்பட்டது, அடுத்த நிமிடம் பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, அதுதான்... சத்தம் வரவில்லை. பிள்ளை அழாமல் இருப்பது இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள். அவள் வாசலுக்கு ஓடிக் கத்தினது மட்டும் நினைவிருக்கிறது, எதிர்வீட்டு ஸீனத் மாப் பிசைந்த கையோடு ஓடிவந்து பிள்ளையைப் பறித்து, முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, தோள்களுக்கு நடுவே தட்டினாள், தட்டினாள், சப்பாத்து நிலத்தில் விழுந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பிறகுதான் அவன் அழுதான். அவன் அழுத பிறகு அவள் திரும்பி மூத்தவளை அறைந்தாள், "தம்பி செத்துப்போயிருப்பான், உன்னால" என்று சொன்னாள், ஐந்து வயதுப் பிள்ளையிடம், அந்தச் சொல்லை யாராவது திருப்பி எடுத்துத் தந்தால் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுப்பாள். அன்றிலிருந்து பாடம் தொடங்கியது, நிலத்தில வைக்கக்கூடாது, கதிரையில வைக்கக்கூடாது, கட்டில்ல வைக்கக்கூடாது, அப்ப எங்க வைக்க வேணும் தாரிகா? "தம்பிக்கு எட்டாத இடத்தில." சத்தமாச் சொல்லு. "தம்பிக்கு எட்டாத இடத்தில." ஒவ்வொரு இரவும் வாய்ப்பாடு கேட்பதுபோலக் கேட்டுத்தான் பிள்ளையை நித்திரைக்கு விடுகிறாள்.

ஹோலுக்கு வந்தாள். சாரங்கன் பாயில் வேட்டித்துண்டோடு இருந்தான், தட்டத்தை இழுக்கப் பார்த்தான், ஸீனத் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், உமாசுதன் போனை நீட்டிப் படமெடுக்கத் தயார், வதனி மச்சாள் கொழுக்கட்டைச் சுளகோடு நின்றாள், சாமிப்படத்தின் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கைகள் இரண்டையும் பின்னால் கட்டி, பட்டுப் பாவாடை சட்டையில் தாரிகா. எல்லாரும் சிரித்த முகம், இதற்குள் எப்படிச் சொல்வது, மெதுவாகச் சொல்வோம் என்று மச்சாளின் காதோரம் போனாள், அந்தப் பெட்டியில ஒரு குளிசை குறையுது மச்சாள். "என்ன குளிசை?" விளையாட்டுக் குளிசை. "சீ, நான் பயந்தே போனன், விளையாட்டுச் சாமான்தானே, எங்கயும் கிடக்கும், நீர் ஏன் இப்பிடி அந்தரப்படுறீர்?" கொஞ்சம் பொறுங்கோ, ஒருக்காத் தேடிப்போட்டு... "நேரம் போகுது பிள்ளை." உமாசுதனைப் பார்த்தாள், அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிறகு வடிவாத் தேடுவம்" என்றார், பிறகு என்பது எப்போது, பிள்ளையின் தொண்டைக்குப் பிறகா.

தாரிகாவிடம் போனாள். நீ எடுத்தனியா, குளிசையை? பிள்ளை கண்ணைத் தாழ்த்தியது, மெல்லத் தலையை ஆட்டியது, ஓம். நிலத்தில போட்டனியா? இல்லை என்று தலை. கதிரையில? இல்லை. அப்ப எங்க வச்சனி, வாயைத் திறந்து சொல்லன், ஆக்களுக்கு முன்னால என்னைக் கத்தப் பண்ணாத... உதடு இன்னும் இறுகியது, கண் நிறைந்தது. போனகிழமை முழுதும் தம்பி எதை எடுப்பான் அம்மா, பேனையா புத்தகமா என்று காதைத் தின்ற பிள்ளை, காலையில்கூட மாடிப்படியில் போனவருக்கெல்லாம் எங்கட தம்பிக்குப் பல்லு வந்திட்டுது என்று சொன்ன பிள்ளை, இப்போது பார், கல்லுப் பிள்ளையார். "மகள் இண்டைக்கு ஒரு கதையும் இல்லையே" என்றாள் ஸீனத். "தம்பியில பொறாமை, அதுதான் உம்மெண்டு நிக்குது" என்றாள் மச்சாள். பொறாமையா, அப்படியும் இருக்குமோ, அவனுக்குத்தான் எல்லாம் என்று நினைத்து வேண்டுமென்றே எங்காவது போட்டிருக்குமோ... சீ, என்ன நினைப்பு இது, தன் வயிற்றில் பிறந்ததைப் பற்றியா. ஆனாலும் அந்த நினைப்பு வந்ததுதான், வரவில்லை என்று சொல்ல முடியாது.

வெள்ளைத் துணியை விரித்துப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தார்கள். கொழுக்கட்டைகள் பொலபொலவென்று விழுந்தன, கூடவே மச்சாள் கொண்டுவந்த ரொபி மிட்டாய்களும், துணியிலிருந்து வழுக்கிப் பாயெல்லாம் உருண்டன, அவன் கையைத் தட்டிச் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள், கடற்கரைப் பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று தடதடத்துப் போனது, யன்னல் அதிர்ந்தது, அவள் மட்டும் நிலத்தைப் பார்த்தாள், சிவப்பு, சிவப்பு, எங்கே சிவப்பு, அது ரொபித்தாள், இது குங்குமம், அந்த வெள்ளை கொழுக்கட்டை, அவன் கை எங்கே, வலது கை ஸ்ரெதஸ்கோப்பில், "எடுத்திட்டான், எடுத்திட்டான், நான் சொன்னனான்தானே" என்று மச்சாள் உருகினாள், இடது கை எங்கே, இடது கை... வாயில்.

இருமினான். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, மறுபடி இருமினான், அவள் பாய்ந்தாள், குளிசை, அதேதான், விரலை விட்டு இழுத்துவிட வேண்டும், இப்போதே, நகம் அவன் உதட்டில் பட்டுவிட்டது, ஸீனத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "விரல் போட வாணாம், உள்ளுக்குத் தள்ளிரும். சத்தம் வருது தானே, இருமட்டும், உட்டுடுங்க." எப்படி விடுவது, எந்தத் தாய் விடுவாள், கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்கிறாளே, ஆனாலும் சத்தம் வருகிறது, ஓம், சத்தம் வருகிறது, அன்றைக்கு வரவில்லை, இருமு ராசா, இருமு, இன்னும் ஒருக்கால், என்ர செல்லம்... எச்சிலோடு ஒன்று அவன் நாடியில் வந்து நின்றது. வெள்ளை. மெல்லிசாக, நீளமாகச் சீவிய தேங்காய்ச் சொட்டு.

பல்லுப்போல இருக்கட்டும் என்று காலையில் அவள்தான் கத்தி நுனியால் சீவிச் சீவி ஒவ்வொரு கொழுக்கட்டையின் விளிம்பிலும் வரிசையாகக் குத்தினாள், வடிவாக வந்திருக்கு என்று படமெடுத்துத் தங்கைக்கும் அனுப்பினாள். ஒரு மாதமாக அந்த வீட்டு நிலத்தில் ஒரு கடலை, ஒரு தெறி விட்டுவைக்கவில்லை, பொம்மைக்குச் சப்பாத்து இல்லை, பிள்ளையின் தலையில் கொட்டவென்று தன் கையாலேயே இத்தனை சொட்டு சீவியிருக்கிறாள், ஒருதரம்கூடத் தோன்றவில்லை, சாமி காரியமென்றால் தொண்டை அகன்று கொடுக்குமா... மச்சாள் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள், "கந்தசாமியே" என்றாள், பிறகு பிள்ளையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள், உமாசுதனின் போன் எப்போதோ தாழ்ந்திருந்தது, ஸீனத் பாயிலிருந்த கொழுக்கட்டைகளைச் சுளகில் பொறுக்கிப் போடத் தொடங்கினாள். எல்லாருக்கும் மூச்சு வந்தது, முடிந்ததென்று நினைத்தார்கள், ஆனால் குளிசை? குளிசை எங்கே?

"இந்தா பிள்ளை, நீயாவது ஒண்டு தின்" என்று மச்சாள் தாரிகாவிடம் ஒரு கொழுக்கட்டையை நீட்டினாள். கொழுக்கட்டையென்றால் உயிரை விடுகிற பிள்ளை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பியபோது யன்னல் வெளிச்சம் அதன் கன்னத்தில் விழுந்தது, சாம்பவி பார்த்தாள், வலது கன்னம், மற்றதைவிடக் கொஞ்சம்... கொஞ்சம்தான். பட்டுச் சட்டைக்குப் பொக்கற் இல்லை. நிலத்தில் வைக்கக்கூடாது, கதிரையில் வைக்கக்கூடாது, கட்டிலில் வைக்கக்கூடாது. அலுமாரி உயரம், மச்சாள் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டாள், குளிசை ஒன்று நிலத்தில் உருண்டிருக்கும், தம்பி தவழ்ந்து வருகிறான், அம்மா குசினியில். பிள்ளை யோசித்திருக்கிறது. தனியாக நின்று யோசித்து, தம்பிக்கு எட்டாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

எழும்பிப் பாயப் பார்த்தவள் அப்படியே நின்றாள். தாரிகா என்று கத்த வாய் எடுத்துவிட்டது, சத்தம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, கத்தினால் பிள்ளை திடுக்கிடும், திடுக்கிட்டால் மூச்சை உள்ளே இழுக்கும், இழுத்தால்... அழுதாலும் இழுக்கும், ஓடினாலும் இழுக்கும், அந்த வழுக்குகிற சாமான் எவ்வளவு நேரமாக அந்த நாக்கின் மேல், துணி பிடித்தபோது, கொழுக்கட்டை கொட்டியபோது, வாயைத் திறந்து சொல்லன் என்று அவளே அதட்டியபோது. மெல்ல நடந்தாள். மகளின் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையை அதன் நாடிக்குக் கீழே விரித்து வைத்தாள். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, கையைப் பார்த்தது, பிறகு மச்சாளின் மடியில் எக்கியெக்கி இந்தப் பக்கமே வரத் துடிக்கிற தம்பியைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டியது. அவன் கிட்ட இருக்கிறான் அம்மா, இப்ப எடுக்கக்கூடாது என்று அந்தக் கண் சொன்னது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, மூக்கு மெல்ல உறிஞ்சியது, உதடு திறக்கவில்லை. கோபமில்லை குஞ்சு என்று சொல்ல வேண்டும், மெதுவாக, மிக மெதுவாக, பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், ஒரு மாதமாக அந்தப் பெயரை அவள் எந்தக் குரலில் கூப்பிட்டாள்? அதட்டாமல் அதை எப்படிச் சொல்வதென்று, சத்தம் வராமல், வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.