உட்கார்ந்திருந்த இரண்டு நாள்கள்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு, மதுரை கீழவாசல் அருகே இருந்த நான்கு மாடித் துணிக்கடையின் ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. முதலாளியின் தாயார் காலமாகிவிட்டார் என்றும், கடை ஐந்து மணிக்கு அடைக்கப்படும் என்றும், சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை என்றும், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனைவரும் வந்துவிட வேண்டும் என்றும் அறிவித்தார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்க ஐந்து நாள்களே இருந்தன.

இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், முத்துமீனா மேலூரிலிருந்து வந்திருந்த கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மெத்தை வைத்த ஸ்டூல்களில் அமர்ந்திருந்தார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார எதுவும் இல்லை. நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த ஆண்டில் அந்த மாடிக்கென்று ஆறு ஸ்டூல்கள் வாங்கினார்கள். அவை பாலித்தீன் உறையோடு படிக்கட்டுக்கு அடியில் அடுக்கப்பட்டிருந்தன. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே வரும். வந்தவர்கள் லிப்டில் இறங்கியதும் திரும்பப் போய்விடும்.

பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஸ்வர்ணா மெல்லச் சாய்ந்தாள். "எண்பத்தாறு வயசாம்க்கா. கல்யாணச் சாவு. நமக்கும் ரெண்டு நாளு கல்யாணம்தான்."

"வாய மூடுடி. துக்க வீட்டுல பல்லக் காட்டுனான்னு சீட்டக் கிழிச்சிருவாங்க" என்றாள் முத்துமீனா. சொல்லும்போது அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முத்துமீனாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்தக் கடையில் பதினோராவது ஆண்டு. கணவன் இல்லை, மகள் பவதாரிணி திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். முத்துமீனாவின் இடது கணுக்காலுக்கு மேலே, சுருண்டு புடைத்த நரம்பு வெடித்துப் புண்ணாகி, ஐந்து மாதமாக ஆறாமல் இருந்தது. உட்கார்ந்து காலை உயர்த்தி வைத்தால் ஆறும், நின்றால் ஆறாது என்று பெரியாஸ்பத்திரி மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கட்டின் மேல் தடித்த காலுறையை மாட்டி, மருந்து வாடை தெரியாமலிருக்கப் பவுடரைத் தூவி, சீருடைச் சேலையின் கொசுவத்தைத் தரை தொட இறக்கிக் கட்டினாள். அதே கடையில் கால் கட்டோடு நின்ற தமிழ்வாணியைச் சென்ற தீபாவளிக்கு முன் "ஆறுனதும் வாம்மா" என்று அனுப்பினார்கள். பதினைந்தாம் நாள் தமிழ்வாணியின் இடத்தில் வேறொருத்தி நின்றாள். முத்துமீனாவின் காலைப் பற்றிக் கடையில் ஸ்வர்ணாவுக்கு மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே விழிப்புத் தட்டிவிட்டது. எழ வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்ததும், முத்துமீனா ஏழு மணி வரை பாயிலேயே கிடந்தாள். வில்லாபுரத்தில் ஆறு வீடுகள் சேர்ந்த வளவில் அவளுடையது கடைசி வீடு. அடுத்த தெருவிலிருந்து ஸ்வர்ணா தூக்குவாளியோடு வந்தாள்.

"முள்ளுமுருங்க வட. எங்கம்மா குடுத்துவிட்டுச்சு. சூடு ஆறுறதுக்குள்ள தின்னுங்க."

"ஒங்கம்மா கையில என்னதான் இருக்கோ, எம்புட்டுத் தின்னாலும் தெகட்ட மாட்டேங்குது."

"பேச்சக் கொறைங்க. கால நீட்டுங்க."

ஸ்வர்ணா கட்டை அவிழ்த்தாள். வெந்நீரில் உப்புப் போட்டு ஆறவைத்துப் புண்ணைக் கழுவி, களிம்பு தடவி, காற்றாடட்டும் என்று திறந்தே விட்டாள். இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். பிறகு இருவரும் சுவரில் சாய்ந்து காப்பி குடித்தார்கள். குடித்து முடித்த பின்னும் டம்ளரைக் கழுவ எழுந்திருக்காமல், மின்விசிறியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வெயில் ஏறி, எதிர்ச்சுவரைக் கடந்து போயிற்று.

"இப்பிடி உக்காந்து எம்புட்டு நாளாச்சு" என்றாள் முத்துமீனா.

"புண்ணியவதி, அந்தக் கெழவி நல்லாருக்கணும்."

"செத்தவள நல்லாருக்கணும்ங்கிறவ நீ ஒருத்திதான்டி."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் வந்த கூடைக்காரியிடம் ஜிலேபிக் கெண்டை வாங்கிக் குழம்பு வைத்தார்கள். முத்துமீனா கட்டவிழ்த்த காலைத் தலையணைமேல் நீட்டி, உட்கார்ந்தபடியே புளி கரைத்தாள். சாப்பாடு முடிந்ததும் ஸ்வர்ணா எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, சேலை வாங்க வந்தவளைப் போல அதன்மேல் கால்மேல் கால் போட்டு அமர்ந்தாள்.

"ஏம்மா, இதுல மெரூன் இருக்கா?"

முத்துமீனா கொடியில் கிடந்த துண்டை இழுத்து மடியில் விரித்தாள். "மெரூன் மூணாவது மாடியில இருக்கும்மா. நீங்களே ஏறிப் போய் எடுத்துக்கங்க. நான் உக்காந்திருக்கேன்ல?"

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்வர்ணா அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்தாள்.

"காட்டு" என்று வாங்கிப் பார்த்தாள் முத்துமீனா. "நானாடி இது? பல்லு இம்புட்டு வரிசையா இருக்கு."

"ஸ்டேட்டஸ்ல போடப் போறேன். முதலாளி மகன் பார்த்தா அடுத்த வருசமும் ரெண்டு நாளு குடுப்பாரு."

"போடு, போடு. நன்றின்னு எழுதிப் போடு. லீவு குடுத்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்."

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிவார்கள். காலையில் கடை திறக்குமுன் ஒருத்தி மற்றவளுக்குப் பொட்டையும் தலைமுடியையும் முந்தானை மடிப்பையும் பார்த்துச் சொல்வதோடு சரி. இந்தப் படத்திலும் இருவரும் முகத்தை மட்டுமே பார்த்தார்கள். ஸ்வர்ணா அடியில் எழுதினாள்: "எங்களுக்கு இரண்டு நாள் ஓய்வு தந்த நிறுவனத்துக்கு நன்றி."

மாலையில் மறுபடி மருந்து போடும்போது ஸ்வர்ணா குனிந்து பார்த்தாள். "அக்கா, ஓரம் செவந்திருக்கு. புதுத் தோலு பிடிக்குது."

"ரெண்டு நாளுலயா?"

"ரெண்டே நாளுல."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முத்துமீனா காலுறை மாட்டி, கொசுவம் இறக்கி நின்றாள். பத்து மணிக்கு மாடிச் சூப்பர்வைசர் பாண்டியராஜன் இருவரையும் படிக்கட்டுப் பக்கம் அழைத்தார். கைப்பேசியை எடுத்து, அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். சிரிக்கும் முகம் திரையின் மேல் விளிம்புக்கு வெளியே போயிற்று. தலையணை மேலிருந்த புண் திரையை நிறைத்தது.

"முதலாளி மகன் எனக்கு அனுப்பியிருக்கார்மா. நன்றி போட்டதுல அவருக்கு ரொம்பச் சந்தோசம். அப்புறம்தான் காலப் பார்த்திருக்கார்."

ஸ்வர்ணா பதறினாள். "அழிச்சிர்றேன் சார். இப்பவே அழிச்சிர்றேன். என் தப்பு சார்."

"அழிச்சு என்ன செய்ய? பாக்க வேண்டியவர் பார்த்துட்டார்."

"அஞ்சு மாசமா இதோடதான சார் நின்னேன்? ஒரு கஸ்டமர் குத்தம் சொல்லியிருக்காங்களா?" என்றாள் முத்துமீனா. "இப்ப ஆறிக்கிட்டு வருது சார். ஓரத்துல தோலு புடிச்சிருச்சு. கவுண்டருக்குப் பின்னால ஒரு ஸ்டூல் போட்டீங்கன்னா, ஒரே மாசத்துல..."

"ஒனக்கு ஒண்ணு போட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. எனக்கு மட்டும் மனசு இல்லையா? நான் என்ன செய்ய?" அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். குனிந்து, படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார். அதன்மேலிருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டு, ஒரு தாளை நீட்டினார். "உக்காரு. உக்காந்து கையெழுத்துப் போடு."

முத்துமீனா உட்கார்ந்தாள். பாலித்தீன் உறை அவளுக்கு அடியில் சரசரத்தது. பதினோரு ஆண்டுகளில் அவள் அந்த மாடியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. இடது கால் தானாகச் சற்று முன்னே நீண்டது. ஸ்வர்ணா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

தாளில் தட்டச்சு செய்யப்பட்டிருந்த முடிவு இது. முத்துமீனா அன்றிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். புண் முழுவதும் ஆறிவிட்டதாக மருத்துவர் சான்று கொண்டுவந்தால், அப்போது இடம் காலியாக இருந்தால், புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்ளப்படுவாள். ஆடித் தள்ளுபடி முடியும்வரை பட்டுப் பிரிவின் இரண்டு கவுண்டர்களையும் ஸ்வர்ணா பார்த்துக்கொள்வாள். கடை அடைத்திருந்த இரண்டு நாளுக்கு ஈடாக ஆடி மாதத்தில் ஊழியர்களுக்கு வார விடுமுறை இரண்டு குறையும். முத்துமீனா கையெழுத்திட்டு எழுந்ததும், பாண்டியராஜன் ஸ்டூலைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தார்.