இரவல் ஷேக்கிள்

யாமுவின் வண்டியில் இல்லாத சாமான் கிடையாது என்பது லாவாஸ் சந்தைக்கு முன்னால் பிக்கப் நிறுத்துகிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் வினை. மண்வெட்டி வேண்டுமா, யாமு. டயருக்குக் காற்றடிக்கிற பம்பு வேண்டுமா, யாமு. மரம் விழுந்து பாதையை மறித்துக் கிடக்கிறது, அறுக்க ரம்பம் வேண்டுமா, அதற்கும் யாமு. மலையேறிப் பா கெலாலான் கிராமத்துக்குப் போகிற அந்தச் செம்மண் பாதையில் சொந்தமாக ஒரு முழக் கயிறுகூட இல்லாமல் காலம் தள்ளுகிற பிறவிகள் உண்டு. அவர்களில் முதல் ஆள் சிகார்.

அந்தப் பாதைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. வாங்கினவனாகக் கொண்டுவந்து தர வேண்டும். வாங்குகிறவனும் கொடுத்தவர் கண்ணெதிரே சாமானைத் திருப்பிப் புரட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், நீ எனக்கு ஓட்டை உடைசலைத் தருகிறாய் என்று மூஞ்சியில் அடித்துச் சொன்ன மாதிரி. அந்த மலையில் வாழ்கிற லுன் பாவாங் ஜனங்கள் ஏச்சைப் பொறுப்பார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். சேற்றிலும் வெள்ளத்திலும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைக்க வேண்டும் என்பதால் வந்த வழக்கம். நல்ல வழக்கம்தான், நல்லவர்களுக்குள் இருக்கிற வரைக்கும்.

சாமான் பெட்டியைச் சேர்த்தது யாமுவின் புருஷன் முதாங். மனுஷன் பைத்தியம். சட்டை கிழிந்திருந்தால் கவலைப்பட மாட்டான், ஜாக்கியில் துரு ஏறினால் சோறு இறங்காது. சேற்றில் ஜாக்கி வைத்தால் அது வண்டியைத் தூக்காமல் தான் மண்ணுக்குள் இறங்கும் என்பதற்காக, அடியில் வைக்க, இரும்பு மாதிரி உறுதியான பெலியான் மரத்தில் கனமாக ஒரு பலகை செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தன் பெயரை அதில் சுட்டு வைத்திருந்தான். அந்தப் பலகையைச் சிகார் ஒரு நாள் இரவல் வாங்கினான். வாங்கினவன் வாங்கினவன்தான்.

ஒவ்வொரு முறை எதிரே வரும்போதும் முதாங் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பான், பலகையை மட்டும் விசாரிக்க மாட்டான். சிகாரும் கையை ஆட்டிக்கொண்டே போய்விடுவான். பிறகு மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், மேராச் சரிவில் முதாங்கின் டயர் வெடித்தது. பலகைக்குப் பதிலாக ஒரு தட்டைக் கல்லை வைத்து ஜாக்கியை ஏற்றினான். சக்கரத்தைக் கழற்ற வண்டிக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்தபோது கல் வழுக்கியது. மண்வெட்டியும் அன்றைக்கு வேறு எவனிடமோ இரவலில் இருந்தது. கூட வந்திருந்த யாமு சோற்றுப் பானை மூடியால் மண்ணைத் தோண்டினாள். மூடி வளைந்ததும் கையால் தோண்டினாள். முதாங் முதலில் அவள் பெயரைச் சொன்னான், பிறகு சொல்லவில்லை.

துக்க வீட்டுக்குச் சிகார் வந்தான். இலையில் பொதிந்த சோற்றை இரண்டு பொதி வாங்கித் தின்றான். தின்றுவிட்டுக் கையைத் துடைத்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

"பாதையில போறவன் தன் சாமானைத் தானே பார்த்துக்கணும். பலகை இல்லாம ஜாக்கி வெச்சா வேற என்ன ஆகும்?"

அப்போதும் பலகை வாசலில் நின்ற அவன் வண்டியின் பின்கட்டில்தான் கிடந்தது. யாமு அதைப் பார்த்தாள். சுட்ட எழுத்தில் புருஷன் பெயர் வெயிலுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எழுந்துபோய் எடுத்துவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஊரில் இருந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள். கொடுத்ததைக் கேட்ட பொம்பளை என்று பேத்தி காலம்வரை பேசுவார்கள்.

அவள் கேட்கவில்லை. புருஷன் வண்டியைத் தானே ஓட்ட ஆரம்பித்தாள். பலகை தானாக என் கைக்கு வரும், வராமல் எங்கே போகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், தூங்கினாள், கியர் போட்டாள். சிகாரோ பலகையின்மேல் மீன் அரிந்தான், எலுமிச்சை நறுக்கினான். இவளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"யாமு வண்டி வந்தாச்சு, பாதையெல்லாம் ஓரமாப் போங்கப்பா! பிரேக்குன்னு நெனச்சு ஹாரனை அமுக்கிடப் போவுது!"

"ஹாரனையாவது அமுக்குறேன். உன் வண்டியில அதுவும் இரவல்தானே?"

"பாரு, பாரு, வாயைப் பாரு. இந்த வாய்க்குப் பயந்துதான் முதாங் வண்டிக்கடியில போய்ப் படுத்துட்டான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. லாசோங் என்று பெயர், வயதில் இளையவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். வாங்கிய சாமானைக் கழுவித் துடைத்து அன்றைக்கே திருப்பித் தருகிற ஒரே டிரைவர் அவன்தான்.

யாமுவிடம் ஷேக்கிள் இரண்டு இருந்தன. லாடம் மாதிரி வளைந்த கனத்த இரும்பு, குறுக்கே ஒரு திருகாணி. இழுவைக் கயிற்றை வண்டியோடு சேர்த்துப் பூட்டுவது அதுதான். போன வாரம் லாசோங் ஒரு சிமென்ட் லாரியை இழுத்தபோது அதில் ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. மயிரிழை போல, திருகாணிக்குப் பக்கத்தில். லாசோங்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

"அக்கா, இதை ஆத்துல விட்டெறிங்க. இழுக்கும்போது அறுந்துச்சுன்னா குண்டு மாதிரி பறக்கும்."

"எறியறதுக்கு மனசு வரலைடா, அவர் வாங்கினது. வேலிக் கதவுக்காவது ஆகும்."

அவன் எதிரிலேயே பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்து அதில் முடிச்சுப் போட்டுப் பெட்டியில் வைத்தாள். சிவப்புத் துணி இருந்தால் தொடக் கூடாது என்று அவனிடமும் சொன்னாள். இதுவரைக்கும் அவள் மனதில் ஒன்றும் கிடையாது. சத்தியமாகக் கிடையாது.

அடுத்த நடை மூன்று வண்டிகளாக மலையேறினார்கள். லாசோங் முன்னால், சிகார் நடுவில், யாமு கடைசி. முந்தின நாள் பெய்த மழையில் பாதை குழைந்து கிடந்தது. மேராச் சரிவில் லாசோங் எப்படியோ உறுமி உறுமி மேட்டைப் பிடித்துவிட்டான். சிகார் வாயால் ஓட்டுகிறவன். பாதிச் சரிவில் இடது பக்கப் பள்ளத்தில் இறங்கி, அச்சுவரை புதைந்து நின்றான். பயணிகள் இறங்கிக் கரையோரம் குந்திக்கொண்டு சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். இந்தப் பாதையில் வண்டி புதைந்தால் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம்.

யாமு வண்டியை நிறுத்தி இறங்கினாள். எந்த இடம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையால் தோண்டிய மண் அது.

லாசோங் மேட்டிலிருந்து பின்னோக்கி வந்து கயிற்றை வீசினான். கயிற்றின் ஒரு முனை சிகார் வண்டியின் முன்கொக்கியில் மாட்டியாகிவிட்டது. மறுமுனையை லாசோங் வண்டியில் பூட்ட ஷேக்கிள் வேண்டும். லாசோங்கின் ஷேக்கிளை எவனோ இரவல் வாங்கிப் போயிருந்தான். சிகாரிடம் சொந்த ஷேக்கிள் இருந்ததை யாரும் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை.

"ஏ யாமு! கடையைத் திற! ஒரு ஷேக்கிள் குடு!" சிகார் சன்னல் வழியே கத்தினான். முட்டிவரை சேறு. வாய் மட்டும் சுத்தமாக இருந்தது. "சீக்கிரம்! உன் புருஷன் படுத்த இடத்துல என்னையும் படுக்க வெச்சிடாதே!"

பயணிகளில் ஒரு கிழவர் சோற்றோடு சிரித்துப் புரையேறினார்.

யாமு பெட்டியைத் திறந்தாள். இரண்டும் கிடந்தன. அவள் கை நல்லதன் மேல்தான் முதலில் போனது. அப்போது நிமிர்ந்து பார்த்தாள். கீழிருந்து பார்க்க, சிகார் வண்டியின் பின்கட்டு நேராகத் தெரிந்தது. அரிசி மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவில் பலகை. மேலே மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. முதாங்கின் பெயரில் பாதியைச் செதில் மறைத்திருந்தது.

பெட்டி மூடியின் மறைவில் அவள் சிவப்புத் துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகம் ஒடிந்தது. நிதானமாகத்தான் அவிழ்த்தாள். கோபத்தில் கண் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நான் சொல்லப் போவதில்லை. கண் நன்றாகத் தெரிந்தது அவளுக்கு.

மேலே ஏறி லாசோங்கின் கையில் கொடுத்தாள். துணி இல்லை, ஆகவே இது நல்லது என்று அவன் வாங்கிக்கொண்டான்.  அப்போது அவளுக்கு ஒரு வார்த்தையாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னாள். எப்படிச் சொன்னால் அந்த ஆள் நம்ப மாட்டானோ அப்படிச் சொன்னாள், சிகார் பக்கம் திரும்பி, உதட்டைச் சுழித்துக்கொண்டு:

"பார்த்து மாட்டுங்க. கீறல் ஏதாவது இருக்கப் போவுது."

சிகார் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கேட்டியாடா லாசோங்! குடுக்க மனசு வரலை பாரு! இரும்பு தேய்ஞ்சிடும்னு அழுவுது! கவலைப்படாதே தாயி, உன் ஷேக்கிளைத் தின்னுட மாட்டேன்!"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். இரவல் தர மனமில்லாத கஞ்சர்கள் சொல்கிற சாக்கு அது, சாமானில் கோளாறு என்பது. லாசோங் யாமுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தால் அக்காவை அவமானப்படுத்தியதாகும். பார்க்காமல் பூட்டித் திருகாணியை முறுக்கினான்.

இழுக்கும்போது கயிற்றின்மேல் ஈரச் சாக்கைப் போடுவது முதாங்கின் பழக்கம். அறுந்தாலும் பறக்காமல் கீழே விழும். அந்தச் சாக்கு யாமுவின் வண்டியில் இருந்தது. அவள் போய் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இழு!" என்றான் சிகார். சக்கரத்தைப் பார்க்கிறேன் என்று தலையை வெளியே நீட்டி ஓட்டுவது அவன் டாம்பீகம். கயிறு விறைத்தது. வண்டி அசைந்தது, சேறு வாய்விட்டு உறிஞ்சியது. அரையடி ஏறியது. ஏறிவிடும் போலிருந்தது. ஐயோ, ஏறித் தொலைக்கட்டும் என்று அந்த நொடியில் யாமு மனதார நினைத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பானை உடைகிற அளவுக்குத்தான். கயிறு துள்ளித் திரும்பியது, அதன் நுனியில் பாதி ஷேக்கிள் இருந்தது. சிகாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, முகத்தில் பாதி இல்லை.

டவுன் பக்கம் திரும்ப முடிந்தது யாமுவின் வண்டி மட்டும்தான். பயணிகள் சிகாரைத் தூக்கிவந்து பின்கட்டில் கிடத்தினார்கள். லாசோங் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். "துணி! துணி ஏதாவது குடுங்க!" என்று கத்திக்கொண்டே பெட்டிக்குள் கைவிட்டான். கையில் வந்தது சிவப்புத் துணி. முடிச்சின் சுருக்கம் போகவில்லை, நடுவில் வளையமாகத் துருக்கறை. பக்கத்தில் நல்ல ஷேக்கிள் கிடந்தது.

 அவன் அந்தத் துணியால் காயத்தை அழுத்திக்கொண்டான்.

யாமு வண்டியில் ஏறுவதற்குமுன் சிகாரின் பின்கட்டுக்குப் போய்ப் பலகையை எடுத்துத் தன் இருக்கைக்கு அடியில் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆற்றுப் பாலம் வருவதற்குள் பின்னால் லாசோங் கண்ணாடியைத் தட்டி, இனி மெதுவாகப் போகலாம் என்றான்.

துக்க வீட்டில் சிகாரின் மனைவி சூலின், யாமுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க சொன்னீங்களாமே அக்கா. கீறல் இருக்குன்னு சொன்னீங்களாமே. கேட்டாரா? எல்லாத்துக்கும் சிரிப்பு, எல்லாத்துக்கும் சிரிப்பு..."

"அவ சொன்னா, என் காதால கேட்டேன்" என்றார் புரையேறிய கிழவர். நாலு பேர் ஆமாம் என்றார்கள். யாமு இலையைப் பிரித்து ஒரு வாய் சோறு தின்றாள். முதாங்கின் துக்க வீட்டிலிருந்து ஒரு வாக்கியத்தை அவள் வைத்திருந்தாள், சிகார் சொன்ன அதே வாக்கியம். சொல்லிவிட்டாள்.

"பாதையில போறவன் தன் சாமானைத் தானே பார்த்துக்கணும்."

சூலின் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தாள். அதைப் பார்த்ததும் யாமு மிச்சச் சோற்றை இலையோடு மடித்துக் கீழே வைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த லாசோங் எழுந்து வெளியே போனான்.

அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டின கை யாருடையது என்ற கேள்வி வரும். யாமு பலகையைச் சுரண்டிக் கழுவினாள். செதில் போனது, மீன் வாடை போகவில்லை. பெட்டியில் வைத்தால் பெட்டி முழுக்க வாடை.

மழை நின்று பாதை இறுகுகிற சமயத்தில், ஆற்றங்கரை மணலில் லாசோங் வண்டி புதைந்து நின்றது. பின்னால் வந்தது யாமு மட்டும். வேறு வழியில்லாமல்தான் லாசோங் அவளிடம் வந்தான்.

"ஷேக்கிள் வேணும்."

அக்கா என்ற வார்த்தை இல்லை. அவள் நல்லதை எடுத்துக் கொடுத்தாள்.

லாசோங் அதை வாங்கினான். வாங்கி, சட்டை நுனியால் துடைத்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். திருகாணியைக் கழற்றி, வளைவு முழுக்கக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். பயணிகள் சோற்றுப் பொதியை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பாதையில் அப்படி ஒரு காரியத்தை அவர்கள் கண்டதில்லை. கிழவி ஒருத்தி, "என்னடா இது அநியாயம், அவ கண்ணு முன்னாடியே" என்று முணுமுணுத்தாள்.

யாமு அவனை ஏனென்று கேட்டிருக்க வேண்டும். அறைந்திருந்தாலும் யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் பார்த்து முடிக்கிறவரை அவள் அப்படியே நின்றாள்.

"ஈரச் சாக்கும் வேணும்" என்றான் அவன்.