ஏழாம் நம்பர் பூட்ஸ்

கால்பந்து சொல்லிக்கொடுக்க விசில் ஊதத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள், மைசூர் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மைதானத்துக்கு வர வேண்டாம். என்னிடம் வரும் இருபது பேரும் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பெண்கள். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து உடம்பைப் பற்றியும் மனசைப் பற்றியும் பேசுவோம். வீட்டில் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம்.

சௌம்யா வட்டத்தில் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு வந்தாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"லீலாக்கா, ரெண்டு மாசமா வெள்ளைப்படுது. ஒரே அரிப்பு. பயத்துல தூக்கமே இல்ல. கெட்ட நோயாக்கா?"

"அடி லூசு, நிறையப் பேருக்கு வர்றதுதான். டாக்டர் மாத்திரை குடுத்தா சரியாயிடும்."

அழுதுகொண்டே சிரித்தாள்.

இளையோர் பாலியல் நல மருத்துவமனையின் சீட்டில் அவள் பெயர், போக வேண்டிய நாள், தொந்தரவு எல்லாவற்றையும் கன்னடத்தில் எழுதினேன். மற்றவர்கள் முன்னால் கொடுத்தால் கூசுவாள் என்று, அவள் போடும் ஏழாம் நம்பர் பூட்ஸுக்குள் செருகினேன். பெரிய புத்திசாலி நான். இருபது பேருக்கும் பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்தான். சனிக்கிழமை கடைசியாகப் போட்டவள் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவி வர வேண்டும். அந்த வாரம் ஏழாம் நம்பரைக் கடைசியாகப் போட்டவள் சௌம்யா; கழுவும்போது அவள் கண்ணில் படும் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை சௌம்யா பூட்ஸை வீட்டில் போட்டுவிட்டுத் தண்ணீர் டேங்கர் வரிசையில் போய் நின்றாள். பூட்ஸைக் கழுவியது அவள் அம்மா மாதேவி.

மாதேவிக்குக் கன்னடம் படிக்க வராது. ஏதோ காலேஜ் சீட்டு என்று நினைத்து மேஸ்திரி கரியப்பனிடம் நீட்டினாள். ஜல்லி கொட்டும் இடத்தில், அத்தனை பேர் முன்னால், அந்த ஆள் சத்தம் போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தான். பொழுது சாய்வதற்குள் தகரக் கொட்டகை வரிசை முழுக்க சௌம்யா கெட்டுப்போனவள் ஆகிவிட்டாள். அவளுடைய போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம், சொந்த ஊரான மார்டள்ளியில் முப்பத்தாறு வயதுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வரும்போது தாலி ஏறி நாலு நாள் ஆகியிருந்தது.

சண்டை போடத்தான் கொட்டகைக்குப் போனேன். மாதேவி தனியாக இருந்தாள்.

"ஒரு வாரம் மாத்திரை போட்டிருந்தா தீர்ந்துபோற விஷயம். உங்க பொண்ணு என்ன தப்பு பண்ணினா, சொல்லுங்க!"

அவள் எழுந்து போய்த் தகரக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு பண்ணாமயே வருமுங்களா அம்மிணி?"

"வரும்."

"தெரியுமுங்க" என்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"ஒம்பது வருசமா எனக்கும் அதேதானுங்க. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க. நான் ஒரு தப்பும் பண்ணலீங்க. அது தெரிஞ்சும் என்ற புள்ளைய நம்பாம உட்டுட்டனுங்களே."