மாப்பிள்ளைக்குப் பசிக்குமே

லிஃப்ட் கதவு மூடிய பிறகுதான், இனி நாலு மணி வரை தானும் மாமியாரும் மட்டும்தான் என்பது அவனுக்கு உறைத்தது. மனைவி, அவர்கள் தங்கியிருந்த விடுதியிலேயே பன்னிரண்டாவது மாடிக்கு நேர்காணலுக்குப் போய்விட்டாள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். போகிற போக்கில் விடுதியின் குறிப்புத்தாள் ஒன்றை அவன் கையில் திணித்திருந்தாள். சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கிய ஐந்து உணவகங்கள், எதற்கு எத்தனை நட்சத்திரம், எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும், எல்லாம் பொடி எழுத்தில். கீழே கோடு போட்டு, ‘அம்மா மாத்திரை பன்னிரண்டரை. அரை மணிக்குள் சாப்பிட வேண்டும்’ என்று ஒரு வரி. அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

காலையிலேயே இரண்டு பேரையும் எதிரெதிர்க் கட்டிலில் உட்கார வைத்து அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். “வேலை கிடைச்சா ஒரு வருஷம் நான் இந்த ஊர்லதான். நீங்க ரெண்டு பேரும் அங்க வீட்ல. நான் நடுவுல இல்லாம ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டுக் காட்டுங்க. முடியலன்னா வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

இதைக் கேட்டு, மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டை என்றால் என்றைக்காவது தீரும். இவர்களுக்குள் இருந்தது மரியாதை. கல்யாணமாகி ஆறு வருடம், மாமியார் இவர்களோடு வந்து தங்கி நாலு வருடம். இத்தனை நாளில் இருவரும் நேருக்கு நேர் பேசியதை ஒரு குறிப்புத்தாளில் எழுதிவிடலாம், தாளின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும். மாமியார் சமையலறையிலிருந்து மகளிடம், “மாப்பிள்ளைக்குப் பசிக்குமே” என்பார். மகள் கூடத்துக்கு வந்து, “பசிக்குதா?” என்பாள். அவன், “அத்தை சாப்பிட்டாங்களா?” என்பான். மகள் திரும்பிப் போவாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரு வாய்ச் சோற்றுக்கு நாலு நடை. அவள் அலுவலகம் போன நாட்களில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையிலிருந்து அவளுக்கே போன் செய்து, அடுத்த அறையில் இருப்பவர் காபி குடித்தாரா என்று விசாரிப்பார்கள்.

இத்தனைக்கும் அவன் வாயில்லாப் பூச்சி இல்லை. வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். பன்னிரண்டு வருடமாக இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்திக் கத்தித் தொண்டை உரமேறிவிட்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் டாக்டரானாலும் வங்கி மேலாளரானாலும் அவனுக்கு ‘நீ’தான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவனுக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த பிரேக் மாஸ்டர் மாமியாரைக் கண்டால் மட்டும் பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி ஆகிவிடுவான்.

பன்னிரண்டரைக்கு மாமியார் மாத்திரையை விழுங்கினார். கிளம்பினார்கள்.

முதல் உணவகம் நாலரை நட்சத்திரம். கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை விரிப்புகள், வாசலில் வணக்கம் சொல்ல ஓர் ஆள். மாமியார் கதவைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு இது பிடிக்குமோ என்னவோ” என்றார். அவன் சாலையைப் பார்த்து, “அத்தைக்குப் பிடிச்சா சரி” என்றான். அவன் குரலில் ஆர்வம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் தெளிவு இல்லை என்று இவன் எடுத்துக்கொண்டான். கதவைத் திறந்து பிடித்திருந்த ஆள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவை விட்டார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து நடந்தார்கள்.

இரண்டாவதில் பட்டப்பகலில் இருட்டு. மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி, குட்டிக் குவளையில் ரோஜாப்பூ, இரண்டிரண்டு நாற்காலி. “நீங்க ரெண்டு பேரா?” என்று உள்ளே இருந்த பெண் சிரித்தபடி கேட்டதும் அவன் வெலவெலத்துப் போய், வழி கேட்க வந்தோம் என்று சொல்லி, சற்று முன் தாங்கள் தாண்டி வந்த ஒரு தெருவுக்கு வழி கேட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவள் விலாவாரியாக வழி சொன்னாள். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தத் தெருவிலேயே போக வேண்டியதாயிற்று. அதில் ஐந்து நிமிடம் போனது.

மூன்றாவதில் நாற்காலி என்று சொல்லிக்கொண்டு ஆள் உயரத்துக்கு முக்காலிகள். புடவையோடு அதில் ஏற வேண்டுமானால் ஏணி வேண்டும். ஆனால் ‘உங்களால ஏற முடியாது அத்தை’ என்று எப்படிச் சொல்வது? கூட்டமாக இருக்கிறதே என்றான். உள்ளே ஒருவரும் இல்லை. ஆமாம், கூட்டம்தான் என்று மாமியாரும் ஒத்துக்கொண்டார். நாலாவதில் உண்மையாகவே கூட்டம். ஐந்தாவது இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது.

மணி ஒன்றே முக்கால். அவன் வயிறு கபகபவென்று எரிந்தது. அதைவிட அந்த ஒரு வரி எரிந்தது. அரை மணிக்குள். எதிலாவது நுழைந்து தொலைத்திருக்கலாம், நான் ஒரு முட்டாள் என்று நினைத்தான். மேலே அவள் யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இங்கே இவன் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி பண்ணத் தெரியாமல் அவளுடைய வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். “அத்தைக்குப் பசிக்குதோ?” என்று காற்றைக் கேட்டான். “எனக்கென்ன பசி. மாப்பிள்ளைக்குத்தான்” என்று பதில் வந்தது. அந்தப் பதில் கொஞ்சம் குழறி வந்ததை அவன் அப்போது கவனிக்கவில்லை.

விடுதியின் பின்பக்கச் சாலையைக் கடக்கும் இடத்தில்தான் கவனித்தான். மாமியாரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கைப்பை பிடித்த கை நடுங்கியது. சிவப்பு விளக்கு எரிகிறது, அவர் பாட்டுக்கு நடுச் சாலையை நோக்கி இறங்குகிறார். வேன் ஒன்று வளைந்து வருகிறது.

அவன் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. வாயிலிருந்து பன்னிரண்டு வருடத் தொண்டை வெளியே வந்தது.

“நில்லு! நில்லுன்னா நில்லு! எங்க பாக்கற? பின்னாடி வா! வா, வா, வா… போதும். உக்காரு!”

சாலையில் போன இரண்டு ஸ்கூட்டர்களும் நின்றன. மாமியாரும் நின்றார். நேர்கோட்டில் பின்னால் வந்தார். நடைபாதையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவனிடம் படித்தவர்கள் யாரும் அவ்வளவு ஒழுங்காகப் பின்னால் வந்ததில்லை.

நாற்காலிக்குச் சொந்தமான கடை ஒரு சாப்பாட்டுக் கடை. பார்சல் வேன் ஓட்டுகிறவர்கள் சாப்பிடும் இடம், நட்சத்திரம் எதுவும் இல்லை. கல்லாவில் இருந்த கடைக்கார அம்மாள் நிலைமையைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே ஜூஸில் நாலு கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினார். “வாயத் திற. குடி. நிறுத்தாத, குடி” என்று இவன் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டே இருந்தான். தம்ளர் காலியான பிறகுதான் தன் காதில் தன் குரல் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருட மரியாதையை ஆறு நொடியில் தொலைத்துவிட்டோம், அவளுடைய வேலையும் போயிற்று என்று நினைத்தான்.

கால் மணி நேரத்தில் மாமியாருக்கு வேர்வை அடங்கியது. உள்ளே மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு வந்துவிட்டது. சோறு, குழம்பு, தயிர், ஆளுக்கு ஒரு கிண்ணம் பீட்ரூட். சாப்பிட ஆரம்பித்த பிறகு இரண்டு பேருமே பேசுகிற நிலைமையில் இல்லை. பாதிச் சோறு போன பிறகுதான் மாமியார் நிமிர்ந்தார்.

“மாப்பிள்ளை பீட்ரூட்டைத் தொடலையே” என்று வழக்கம்போல் தம்ளரிடம் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்கு பீட்ரூட்டுன்னா உசுராச்சே.”

எப்போதும்போல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘உக்காரு’ என்றே அதட்டியாயிற்று, இனி அவரிடம் என்ன ஒளிக்க?

“எனக்கு அது ஆகவே ஆகாது அத்தை.”

“வாரத்துல மூணு நாள் ஆக்கிப் போடறேன். துடைச்சுவிட்ட மாதிரி சாப்பிடறீங்க.”

“உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், மீதி வச்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு…”

“எனக்கா?” மாமியாரின் கிண்ணமும் தொடாமல் இருந்ததை அவன் அப்போதுதான் பார்த்தான். “அந்த வாடையே எனக்குப் பிடிக்காது. யாரு சொன்னா உங்களுக்கு?”

யாரும் பெயர் சொல்லத் தேவைப்படவில்லை. வாசல் வழியே விடுதியின் பின்சுவர் தெரிந்தது. இரண்டு பேருடைய கண்களும் ஒன்றாக மாடி மாடியாக ஏறிப் பன்னிரண்டில் போய் நின்றன. வீட்டில் பீட்ரூட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரே ஆள் அங்கேதான் இருந்தாள்.

அதன் பிறகு மடை திறந்துகொண்டது. போன வருட விடுமுறைக்கு மலைக்குப் போனது மாப்பிள்ளையின் ஆசைக்காக என்று மாமியார் குளிரில் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அத்தையின் ஆசை என்று அவன் சண்டை போட்டு லீவு வாங்கியிருக்கிறான். கூடத்துச் சுவரின் கிளிப்பச்சையை இருவரும் ஒருவருக்காக ஒருவர் நாலு வருடமாகச் சகித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் குட்டு வெளிப்பட வெளிப்பட மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரித்தால் தோள் குலுங்கும் என்பதே அவனுக்குப் புதிய செய்தி.

“என் கைச் சமையல் மாதிரி உலகத்துலயே கிடையாதுன்னு சொன்னீங்களாமே, அதுவும்…?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “குழம்பு மட்டும் நிஜம் அத்தை.”

“சரி, குழம்பாவது தேறிச்சே.”

அவனுக்குக் கேட்கவும் ஆசை, பயமாகவும் இருந்தது. கடைசியில் சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “‘எனக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை இல்லையேங்கற குறை இவர் வந்தப்புறம்தான் தீந்துச்சு’ன்னு… அத்தை சொன்னதா அவ ஒரு தடவை சொன்னா.” வேலை சரியில்லாத நாட்களில், யாராவது வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்த நாட்களில், அந்த ஒரு வாக்கியத்தை அவன் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது உண்டு.

மாமியார் தயிரைப் பிசைந்தார்.

“நான் சொல்லல. சொல்லியிருக்கணும்.”

பிறகு வெளியே பார்த்தார். “ரெண்டு பக்கமும் இப்படி இட்டுக்கட்டிச் சொல்லியே களைச்சுப் போயிருப்பா, பாவம்.”

அவனுக்கும் அதுதான் தோன்றியது. வீட்டுக்குள் அவள் நடந்த நடையையெல்லாம் நினைத்துப் பார்த்தான். ஒருநாளும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள். அவளை உடனே பார்க்க வேண்டும் போல் இருந்தது.

மூன்றே காலுக்கு அவன் போன் அடித்தது. அஞ்சு ஹோட்டல்ல எதுல இருக்கீங்க என்று அவள் கேட்டாள். அஞ்சுலயும் இல்ல, பின்பக்கம் என்றான். அடுத்த ஐந்தாவது நிமிடம் மூச்சு வாங்க வாசலில் நின்றாள். வேலை கொடுத்துவிட்டார்களாம். நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லும்போதே அவள் கண்கள் இரண்டு பேர் முகத்திலும் எதையோ தேடின. பழக்க தோஷத்தில் அவனிடம், “அம்மா சாப்பிட்டாங்களா?” என்றாள்.

“அவர்கிட்ட என்ன கேக்கற? நான் இங்கதானே இருக்கேன்” என்றார் மாமியார்.

அவள் திகைத்தாள். சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியாத ஒரு முகம். “நீங்க ரெண்டு பேரும்… பேசினீங்களா? என்ன பேசினீங்க?”

அவன் தன் பக்கத்திலிருந்து ஒரு விரலால் பீட்ரூட் கிண்ணத்தைக் காலி நாற்காலியை நோக்கித் தள்ளினான். மாமியாரும் தன் பக்கத்திலிருந்து தள்ளினார். இரண்டும் நடுவில் முட்டி நின்றன.

கடைக்கார அம்மாள் கரண்டியோடு வந்தார். “பாப்பாவுக்கும் பீட்ரூட் வைக்கவா?”

“வைங்க” என்றார்கள் மாமியாரும் மாப்பிள்ளையும், ஒரே நேரத்தில்.

தோளில் மாட்டிய பையோடு அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் மூன்றாவது கிண்ணம் சிவக்கச் சிவக்க நிரம்பிக்கொண்டிருந்தது.