எஸ்தரின் ஓய்வுநாள்

மூன்றாவது ரயில் கடந்து போனதும் அப்பா, "போதும், ஏத்து" என்றார். நான் கயிற்றை மெல்ல இழுத்தேன். எங்கள் குதிரை எஸ்தர் இரும்புலியூர் ஏரித் தண்ணீரிலிருந்து முதலில் வலது முன்னங்காலை எடுத்து வைத்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, இடது காலை. அந்த யோசனை ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் அப்பா கரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி மழையில், ரோட்டில் தார் பெயர்ந்த பள்ளத்தில் ஜட்கா வண்டி இறங்கியபோது அவளுடைய இடது முன்னங்கால் நரம்பு பிசகி, முழங்காலுக்குக் கீழே வாழைத்தண்டு போல வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் ஸ்ரீரங்கன் தடவிப் பார்த்துவிட்டு, ஐந்து மாதம் ஆகும், அவசரப்பட்டால் ஆயுசுக்கும் நொண்டி என்று சொல்லியிருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எஸ்தர் வண்டி இழுக்கவில்லையென்றால் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேலை வேறு ஜட்காவுக்குப் போய்விடும். அவளைப் பல்லாவரம் சந்தையில்தான் விட வேண்டியிருக்கும். நொண்டிக் குதிரையை அங்கே யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது ஜட்கா ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை.

அம்மா இறந்த ஆண்டில் வாங்கிய குதிரை அது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பெயர் வைத்தது அப்பாதான். மிருகத்துக்கு வேதாகமத்து ராணியின் பெயரா என்று போதகர் ஏசுபாதம் முகம் சுளித்தபோது, "வேதத்துல பிலேயாமோட கழுத தேவதூதனையே பாத்துச்சே ஐயா, எங்குருதைக்கு ஒரு பேரு கூடவா ஆவாது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்றும் நடக்காதது போல முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. எஸ்தரின் உடம்பை அப்பா ரயில்களால் அளந்து திரும்பக் கட்டினார். தை முழுவதும் தண்ணீரில் நிற்பது மட்டும். மாசியில் கையில் பிடித்து நடை, முதல் வாரம் இரண்டு ரயில் நேரம், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து. மணலில் கால் புதைந்தால் நரம்பு இழுக்கும் என்று கெட்டித் தரையாகத் தேடித் தேடி நடத்தினார். சித்திரையில் வெறும் வண்டி பூட்டினார். தன் கனம் அவள்மேல் விழக்கூடாது என்று வண்டியில் ஏறாமல் பக்கத்திலேயே நடந்தார். ஸ்டாண்டில் இன்னொரு வண்டிக்காரன் சம்பந்தம், "இன்னா லாசரு, குருதைய ஓட்டினு போறியா, பொண்ணு பாக்க இட்டுகினு போறியா?" என்று கேட்டான். "மாப்ள பாக்கதான் போறேன். உங்குருத கெழவனாயிட்சே, அதான் வேற எடம்" என்றார் அப்பா. வைகாசியில் வண்டியில் செங்கல் ஏற்றினார். பத்து, இருபது, பிறகு அறுபது. கத்திரி வெயில் முடிந்த ஒரு காலையில் முதன்முறையாக அவளை ஓட விட்டபோது நான் சாலையோரம் நின்றிருந்தேன். நான்கு குளம்புகளும் ஒரே தாளத்தில் விழுந்தன. அப்பா என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தீனி என் பொறுப்பு. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வேலை ஏற ஏறத்தான் கொள்ளு ஏற வேண்டும். வேலை இல்லாத நாளில் ஒரு பிடி கூடக் கூடாது, புல்லும் தவிடும் மட்டும். அப்பா அதை எனக்கு வேத வசனம் போல ஒப்பித்தார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த நாட்களில் நான் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவல்களுக்குள்ளேதான் வாழ்ந்துகொண்டிருந்தேன். அவற்றில் பனி பெய்துகொண்டே இருக்கும். மூன்று குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகள் இருட்டில் நெடுந்தூரம் போகும். புறப்படும் முன் யாராவது ஒரு பெண் லாயத்துக்கு வந்து குதிரையின் நெற்றியைத் தடவி, உள்ளங்கையில் வைத்துச் சர்க்கரை ஊட்டுவாள். பசியால், குளிரால், சவுக்கடியால் செத்த குதிரைகளை நான் படித்திருந்தேன், அழுதிருந்தேன். நிறையத் தின்றதால் ஒரு குதிரைக்குத் தீங்கு வந்ததாக எந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வண்டி பூட்டமாட்டார். கர்த்தர் கொடுத்த ஓய்வுநாள், மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்பார். ஆராதனை முடிந்து வந்து நாங்கள் கறிக்குழம்பு சாப்பிடுவோம். கொட்டகையிலிருந்து எஸ்தர் தடுப்புக் கழியின்மேல் தாடையை வைத்துக்கொண்டு எங்களையே பார்ப்பாள். நமக்கு மட்டும் விருந்து, அவளுக்குத் தவிடா என்று எனக்கு இருக்கும். அப்பா தூங்கிய பிறகு வேகவைத்த கொள்ளில் கொஞ்சம் எடுத்துப் போய்க் கொடுப்பேன். முதல் ஞாயிறு ஒரு பிடி. இரண்டாம் ஞாயிறு இரண்டு. ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய தோல் மினுங்கியது. புல்லிலேயே எப்படித் தேறிவிட்டாள் பார் என்று அப்பா ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு, நாளைக்கு முழு வேலை, பாவம், பலம் வேண்டும் என்று ஒரு வாளி நிறையக் கொள்ளில் வெல்லம் பிசைந்து வைத்தேன். அவள் தின்று முடிக்கும்வரை கழுத்தில் சாய்ந்து நின்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு பிள்ளைகள் வண்டியில். பாலர் வகுப்பில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்த நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் துள்ளிக்கொண்டு கிளம்பினாள். அப்பா லகானை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்தார். ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவளுடைய நடை சுருங்கியது. அடிபட்ட முன்னங்காலில் ஒன்றுமில்லை. பின்னங்கால்கள் இரண்டும் மரக்கட்டைகளாக இழுபட்டன. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. அப்பா குதித்து இறங்கி அந்த முன்னங்காலைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். அது குளிர்ச்சியாக இருந்தது. அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகளை இறக்கி நடத்திக்கொண்டு நான் பள்ளிக்குப் போக, அவர் வண்டியை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு அவளை வீடுவரை நடத்தி வந்தார். அந்த ஒவ்வொரு அடியும் அவளைக் கொன்றுகொண்டிருந்தது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். நான் லீவு கேட்டு ஓடி வந்தபோது கொட்டகைத் தரையில் அவளுடைய மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் தேங்கியிருந்தது. அவள் படுத்துவிட்டாள்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு எழுந்தார். இடுப்புச் சதை கல்லாக இறுகிவிட்டதென்றார். பிறகு கேட்டார், "நேத்து வேலை இருந்ததா?"

"ஞாயித்துக்கெழம சார். நாங்க வண்டி கட்டமாட்டோம்."

"கொள்ளு எவ்வளவு வச்சே?"

"ஒரு புடி கூட இல்ல சார்" என்றார் அப்பா. அவர் குரலில் அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது. "நீங்க சொன்னத நான் தாண்டல. எம்பொண்ணுதான் தீனி வெக்குது, கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா?"

"தவிடுதான் சார்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பையை மூடினார். கொள்ளு தின்று சும்மா நின்ற குதிரையை மறுநாள் வேலைக்குப் பூட்டினால்தான் பெரும்பாலும் இப்படி வரும், தவிடு தின்ற குதிரைக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை என்றார். இரண்டு நாளில் எழுந்து நின்றால் பிழைப்பாள் என்றும் சொன்னார். அவர் போனதும் அப்பா எஸ்தரின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அறுபது செங்கல் அதிகம், நாற்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். சொல்ல வாயெடுத்தேன். சோறு ஆறிவிடும் என்றுதான் என் வாயில் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் சம்பந்தமும் ஸ்டாண்ட் ஆட்களும் வந்தார்கள். கோணிப்பைகளைத் தைத்து அவள் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, கயிற்றை வேப்பங்கிளையில் போட்டு இழுத்தார்கள். நான்காவது தடவை அவள் எழுந்தாள். நான்கு கால்களும் நடுங்கின, ஆனால் நின்றாள். கயிற்றை அடிமரத்தில் கட்டினார்கள். அப்பா அவளுடைய விலாவுக்குத் தோள் கொடுத்து முட்டுக் கொடுத்தார். ஒரு பக்கத்துக் கயிறு நைந்து பிரிவதைப் பார்த்துவிட்டு, வேறு கயிறு கொண்டுவரச் சம்பந்தம் ஆட்களோடு ஓடினான். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் மறுபக்கம் போய்த் தோள் கொடுத்தேன். அவளுடைய அந்தப் பக்கத்தில் அவர். இருவருக்கும் நடுவில் அவளுடைய மூச்சு. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"அப்பா, நான் கொள்ளு வச்சேன். ஒரு வாளி."

ஈக்களை விரட்ட அவளுடைய தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"தெரியும்" என்றார். "லத்தில கொள்ளுத் தோலு கீது. நேத்தே பாத்துட்டேன்."

அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டார்.

"நல்லா துண்ணிச்சா?"

"ம். வாளிய நக்கினா."

தெருக்கோடியில் சம்பந்தம் யார் வீட்டிலோ கயிறு கேட்டுக் கத்துவது கேட்டது. கோணியின் தையல் ஒன்று விட்டது. எஸ்தர் பின்னங்கால்களை ஊன்றப் பார்த்தாள். குளம்பு மண்ணைக் கீறி வழுக்கியது. "தோள எடுக்காத, ஜோதி" என்றார் அப்பா. நான் எடுக்கவில்லை. கன்னத்தை அவளுடைய ஈர விலாவில் அழுத்திக்கொண்டு கால்களை அகட்டி நின்றேன். அவளுடைய கனம், முதலில் ஒரு குழந்தை சாய்வது போல, பிறகு ஒரு ஆள் சாய்வது போல, என் தோளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.