எட்டாத ஏணி

மலை விடுதியின் வாசலிலிருந்து கிரெசென்ஸ் எட்டிப் பார்த்தாள். கீழே, இரும்பு ஏணியின் அடியில், பனியாற்றின் மேல் அவள் கணவன் அம்புரோஸ் இரண்டு ஊன்றுகோல்களோடு நின்றிருந்தான். ஏணியின் கடைசிப் படி அவன் நெஞ்சு உயரத்தில் தொங்கியது.

கல்யாணமான புதிதில் இந்த வாசலைவிட்டு இறங்கினாலே பனியில் கால் வைக்கலாம். பிறகு பனி உருகித் தாழத் தாழ, அம்புரோஸ் பாறையில் ஏணி பூட்டிக்கொண்டே போனான். இடுப்பு போன பிறகு அவன் கீழே ஊரில், இவள் மேலே தனியாக. இந்தக் கோடையோடு விடுதியை வேறு ஆட்களிடம் ஒப்படைக்கிறார்கள். கடைசி நாளான இன்று இருவருமாகக் கதவைப் பூட்ட வேண்டும், அவன் கேட்டது அது ஒன்றைத்தான். ஹெலிகாப்டரில் வரச் சொன்னதற்கு, "நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றுவிட்டான்.

புது ஏணித் துண்டு விடுதிக்குப் பின்னால்தான் கிடந்தது. பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதி என்பதால் பாறையில் துளை போடவும் அனுமதி வேண்டும். அதுவும் ஜூலையிலேயே வந்துவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டது அவள்தான். விடியுமுன் மலையேறிகளுக்குக் காப்பி, சாயங்காலம் சூப்பு, நடுவில் கக்கூஸ் கழுவல். இளவட்டங்கள் தாவி ஏறிக்கொண்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். இப்போது தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"என்னடி, புருஷன் வரக்கூடாதுன்னே ஏணிய மேல தூக்கிட்டியா?" கீழிருந்து கத்தினான்.

"ஏணி இருந்த எடத்துலதான் இருக்கு கிழவா. பனிதான் எறங்கிருச்சு. நான்தான் மிச்சத்தப் பூட்டல. முடியல என்னால."

அவன் ஊன்றுகோல்களைப் போட்டுவிட்டுப் படியைப் பிடித்தான். கால் எழவில்லை. இன்னொரு முறை முயன்று, தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீ எறங்கி வராத. திரும்ப ஏறணும். நான் இங்கேருந்தே பாத்துட்டுப் போறேன்."

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, முதுகில் பையோடு, நின்று நின்று இறங்கி வந்தாள். கடைசிப் படியில் தொங்கிக் கையை விட்டாள். பிடிக்கப்போன அவனும் சேர்ந்து சரிந்தான்.

"லூசு! இப்ப எப்படி மேல போவ? அடுப்புல சூப்பு?"

"கொட்டிட்டேன்."

"ஜன்னலெல்லாம்?"

"சாத்திட்டேன்."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. "கதவு?"

"சும்மா சாத்தி வச்சிருக்கேன். நீ இல்லாம நான் பூட்டுவேனா? வர்றவங்க வேற பூட்டுப் போட்டுக்கட்டும்."

சாவியை அவன் கையில் வைத்தாள். அவன் மேலே பார்க்கவில்லை. எழுந்து, ஊன்றுகோல்களில் ஒன்றை அவளிடம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.